முறுக்குப் பதத்தில் எலித் தீவனம்

அளக்காமல் சமைப்பவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று யாராவது கேட்டால், "கை சொல்லும்" என்பேன். ஐம்பதைத் தாண்டியவன் சொல்லக் கூச வேண்டிய பதில். நான் கூசியதில்லை, விருந்தாளி இருந்தால் இரண்டு தடவை சொல்வேன். அந்தக் கையை நம்பி ஒரு பெண்ணின் நாலு வருஷ உழைப்பைக் கெடுத்தேன். கையால் கெடுத்தது போதாதென்று பிறகு வாயாலும் கெடுத்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு தனியார் மருந்தியல் கல்லூரியின் விலங்குக் கூடத்துக்கு நான் பொறுப்பாளன். கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, கரண்ட் இருந்தால் ஓடும் ஒரு ஏ.சி., வரிசையாகப் பிளாஸ்டிக் பெட்டிகளில் வெள்ளைச் சுண்டெலிகள், அடியில் நெல் உமி, மேலே தண்ணீர்ப் பாட்டில். விலங்கியலில் முதுகலை முடித்தபோது என்னை யாரோ விஞ்ஞானி என்று வாழ்த்தினார்கள். இப்போது எங்கள் தெருவில் எனக்கு எலி வாத்தியார் என்று பெயர். நான் வாத்தியார் இல்லை. எலிகளும் என்னிடம் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேலை முழுக்கச் சோறு போடுவதுதான். ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு மூன்று, நாலு கிராம் தின்னும். நேற்று வைத்ததில் எவ்வளவு மிச்சம், உமியில் எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று காலையில் நிறுத்து எழுத வேண்டும். வாரம் ஒருமுறை எலியையே தூக்கி நிறுக்க வேண்டும். இந்த ஊரில் இத்தனை கவனத்தோடு உட்கார்த்திச் சோறு போடுவது புது மாப்பிள்ளைக்கு மட்டும்தான். என்ன, மாப்பிள்ளையைக் கடைசியில் அறுத்து ஈரல் பார்ப்பதில்லை.

சாதாரணத் தீவனம் மூட்டையில் வரும். சுண்டுவிரல் கனத்தில், காய்ந்த குச்சி மாதிரி. ஆராய்ச்சிக்கு வேண்டிய கொழுப்புத் தீவனத்தை விலைக்கு வாங்கக் கல்லூரிக்கு மனசு வராது. ஆகவே நாங்களே செய்வோம். குச்சியை அரைத்து மாவாக்கி, வனஸ்பதி, தேங்காயெண்ணெய், பால்பொடி எல்லாம் போட்டுப் பிசைந்து, முறுக்குப் பிழிகிற பித்தளை அச்சில் தேன்குழல் வில்லையைப் போட்டு அழுத்தி, விரற்கடை நீளத்துக்கு வெட்டிக் குளிர்பெட்டியில் வைப்போம். அந்த அச்சைப் பாத்திரக் கடையில் பேரம் பேசி வாங்கியவன் நான். அதில் மாவு பிசைகிற வேலை மட்டும் எனக்குப் பிடிக்கும். மற்ற நேரத்தில் எலிகளின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நாவல் படிப்பேன்.

அந்தப் பெண் ஆய்வு மாணவி. முப்பதை ஒட்டிய வயது. சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பா செண்டுமல்லியும் கத்தரியும் போடுகிறவர், பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரர். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி அப்பாவிடமிருந்து வந்ததுதான்: கொழுப்பாகத் தின்று கெட்டுப்போகிற உடம்பைச் சாமை கொஞ்சமாவது காப்பாற்றுமா? எலிகளில் ஒரு கூட்டத்துக்குச் சாதாரணக் குச்சி, இன்னொரு கூட்டத்துக்குக் கொழுப்புத் தீவனம், மூன்றாவது கூட்டத்துக்கு அதே கொழுப்போடு சாமை மாவு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கொழுப்பு இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். சாமை மட்டும்தான் வித்தியாசம். மொத்த ஆராய்ச்சியும் அந்த ஒரு விஷயத்தில் நின்றது.

அவளுடைய வாழ்க்கையும் ஏறக்குறைய அதில்தான் நின்றது. உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வேலை அவளுக்கு. அவளுடைய கைடு, அதாவது நெறியாளர், எங்கள் பேராசிரியர். எலிக் கூடத்தின் வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளாததால் எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே நெறிப்படுத்துவார். அதனால் மாவு நிறுப்பதிலிருந்து எலி வாலில் சொட்டு ரத்தம் எடுப்பது வரை அவளே செய்தாள். வேண்டிய எடைகளை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். கிராமுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து இரண்டு எண்கள். அந்தப் புள்ளியைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

ஆயுத பூஜை வந்தது. சாமை மாவு மில்லிலிருந்து வரத் தாமதமானதால் ஆய்வின் கடைசி வாரங்களுக்கான தீவனத்தில் மூன்றாவது கூட்டத்தினுடையது மட்டும் பாக்கி. மோட்டார் செட்டுக்கும் மருந்தடிக்கும் மிஷினுக்கும் பொட்டு வைக்க மகள் வந்தாக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார் என்று முதல் நாளே ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது, அளந்து மட்டும் கலந்துவிடுங்கள் சார், ஆய்வு முடிகிறவரை இரண்டரை வாரத்துக்குச் சேர்த்தே செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். நாம் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். நாம் என்றது மரியாதைப் பன்மை.

காலையில் கலந்திருக்கலாம். ஒரு நாவலின் கடைசி எண்பது பக்கம் மிச்சமிருந்தது.

எங்கள் கூடத்தில் கூண்டு கழுவுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். பூஜை அவர் பொறுப்பு. பதினோரு மணிக்குள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, ஒரு மேசையில் ஆயுதங்களை அடுக்கிவிட்டார். கத்தரிக்கோல், எலியை மயக்குகிற கண்ணாடி ஜாடி, கூண்டு சுரண்டும் தகடு, நடுநாயகமாக மின் தராசு. தராசின் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம். அணைக்க மறந்துவிட்டதால் அது எலுமிச்சம்பழத்தின் எடையை இரண்டு புள்ளி வரை சுத்தமாகக் காட்டிக்கொண்டிருந்தது. பொரி, கடலை, சுண்டல் ஆனது. கைடு வந்து வாசலில் நின்றபடி கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு நான் தராசை எடுக்கப் போனேன். அக்கா தடுத்தார்.

"சாமிக்கு வச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாது சார். நாளைக்கு விஜயதசமி, காலையில ஒரு தீபாராதனை காட்டிட்டு எடுத்துக்கங்க."

டீக்கடையில் மூடநம்பிக்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடியவன் நான். அக்காவிடம் சரிக்கா என்றேன். பக்தியால் அல்ல, பயத்தாலும் அல்ல. தர்க்கம் செய்யச் சோம்பல். மறுநாள் காலை வந்து நிறுத்துக் கலந்திருக்கலாம், ஆனால் மறுநாள் விடுமுறை, விடுமுறையில் வந்து எலிக்குச் சோறு போடுவது அக்காவின் முறை. நான் வரவேண்டும் என்றால் வீட்டில் படுத்திருக்க முடியாது. முறுக்கு அச்சு ஆயுதத்தில் சேருமா என்று கேட்டேன். அது சமையல் சாமான் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். ஆக, அச்சு கிடைத்தது, தராசு கிடைக்கவில்லை. கை இருக்கவே இருக்கிறது.

அரைத்த குச்சி மாவையும் சாமை மாவையும் டம்ளரால் அளந்து கொட்டினேன். வனஸ்பதியை அள்ளி அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். பிசையப் பிசைய, வீட்டில் தீபாவளிக்குப் பிசைகிற ஞாபகம் வந்துவிட்டது. முறுக்கு பிழிகிற யாருக்கும் தெரியும்: கொழுப்பு கூடினால் மாவு அச்சிலிருந்து நூலாக வராது, உதிரும். என் கை அந்த இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தேன், அப்படி ஓர் அழகு. உடையாமல், வெடிக்காமல், வழவழவென்று நீளமாக இறங்கியது. அவள் செய்தால் எப்போதும் பிசுபிசுத்துத் துண்டு துண்டாக விழும். இந்தப் பிள்ளைகளுக்குப் பதம் தெரியவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அக்காவும் பார்த்துவிட்டு, எண்ணெயில் போட்டால் எடுத்துத் தின்னலாம் போல இருக்கிறது என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை நான் முன்வரிசையில் வைத்திருந்தேன்.

கொழுப்பு கூட இருந்தால் உதிரும் என்பது முறுக்குச் சாஸ்திரம். எலித் தீவனம் உதிரத்தான் வேண்டும், அது கொழுப்புத் தீவனம். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது கூட்டத்து எலிகள் அந்தத் தீவனத்தை இரண்டரை வாரம் தின்றன. இரண்டாவது வார எடையிலேயே அவள் என்னிடம் ஓடிவந்தாள். ஓடுகிற பெண் இல்லை அவள். பெட்டியில் இருந்த எலியைக் காட்டி, "சார், சாமை கேக்குது சார்" என்றாள். மருந்து கேட்கிறது என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அந்த மாதிரி. காகிதத்தில் மூன்று கோடு வரைந்து காட்டினாள். கொழுப்புக் கூட்டத்தின் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. சாமைக் கூட்டத்தின் கோடு அதோடு கைகோத்துப் போய்க்கொண்டிருந்து, சரியாக ஆயுத பூஜைக்குப் பிறகு தலையைக் குனிந்து இறங்கியது. கைடு அதைப் பார்த்துவிட்டு, சிறுதானியம் உடனே வேலை செய்யாது, உடம்புக்குப் பழக வேண்டும், பழகியதும் இப்படித்தான் என்றார். வாடையைப் பொருட்படுத்தாமல் உள்ளே வந்து, எலியோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

ஆய்வு முடிந்தது. எலிகளை வழக்கப்படி மயக்கி அறுத்து ஈரலையும் ரத்தத்தையும் எடுத்தாள். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. அக்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"வனஸ்பதி டப்பாவுல இம்புட்டு மிச்சம் கெடக்கு சார். ஆராய்ச்சிதான் முடிஞ்சிருச்சே, பலகாரத்துக்கு எடுத்துக்கிறவா?"

மிச்சம் கிடக்கக் கூடாது. சுவரில் ஒட்டிய காகிதப்படி கலந்திருந்தால் அந்த டப்பாவை வழித்தே எடுத்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் இருந்தது. டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன், காகிதத்தைப் பார்த்தேன், எலிகள் இருந்த காலிப் பெட்டியைப் பார்த்தேன். சாமை எதையும் கேட்கவில்லை. எலிகளுக்கு நான் கொழுப்பைக் குறைத்துப் போட்டிருந்தேன், அவை இளைத்திருந்தன. யாருக்கும் இளைக்கும்.

எடுத்துக்கங்க அக்கா என்றேன்.

தீபாவளி முடிந்து அக்கா ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். நன்றாக இருந்தது. மொத்தத்தையும் தின்றேன். உலகத்தில் சாட்சியத்தை அழித்தவர்கள் பலர், மாலை டீயோடு கடித்து அழித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு இரண்டரை மாதம் பேசாமல் இருந்தேன். காரணங்கள் இல்லாமல் இல்லை. சொன்னால் அவளுக்கு ஜூன் போய்விடும். எலிகளும் இல்லை, திரும்ப நிறுத்துப் பார்ப்பதற்கு. ஊரில் எத்தனை ஆய்வேடுகள் இதைவிட மோசமான பொய்யில் நிற்கின்றன என்றும் எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன். மனசாட்சியைப் பற்றி நிறையப் படித்தவனுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. உறுத்தலை அவனால் சும்மா அனுபவிக்க முடியாது, வாக்கியமாக மாற்றிக்கொண்டே இருப்பான். நான் பஸ்ஸில் போகும்போதும் உமி மாற்றும்போதும் ஒப்புதல் வாக்குமூலத்தை எழுதி, அடித்து, திருத்திக்கொண்டிருந்தேன். மார்கழி முடிவதற்குள் அது நல்ல நடைக்கு வந்துவிட்டது.

தை மாதம் ஆய்வு மதிப்பீட்டுக் கூட்டம் வைத்தார்கள். வெளியிலிருந்து இரண்டு நிபுணர்கள் வருகிறார்கள், அவர்கள் தலையாட்டினால் ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுத்துவிடலாம். முதல் நாள் சாயங்காலம் கல்லூரி வாசல் பஸ் நிறுத்தத்தில் அவளும் நானும் நின்றோம். அப்பா எப்படி இருக்கிறார் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"மூணு வேளையும் சாமைக் கஞ்சிதான் சார். சுகர் மாத்திரைய ஒரு வேளை நிப்பாட்டிட்டாரு. வையுறேன், கேக்க மாட்டேங்கிறாரு. ஒன் எலியே எளைச்சிருச்சுல்ல, எனக்கென்னங்கிறாரு."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கொஞ்சம் கவலையும் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெருமை. அப்போது சொல்லியிருக்க வேண்டும். நிறுத்தத்தில் எங்களைத் தவிர ஒரு ஆடு மட்டும் நின்றது. நான் வாக்கியத்தின் முதல் பாதியை நாக்கில் எடுத்துவைக்கும்போது சாணார்பட்டி பஸ் வந்தது. "வாரேன் சார்" என்று ஏறிவிட்டாள். பஸ் வந்ததால் சொல்லவில்லை என்று வெகுநாள் நம்பினேன். அந்தப் பஸ் அங்கே ஐந்து நிமிஷம் நிற்கும். டிரைவர் டீ குடிப்பார்.

மறுநாள் கருத்தரங்கு அறையில் நாற்பது ஐம்பது பேர். அவள் நன்றாகப் பேசினாள். சாமைக் கோடு தலை குனிந்த இடம் திரையில் வந்தபோது நிபுணர்களில் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, நல்ல முடிவு என்றார். அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து இரண்டாவது வரிசையில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாருக்காவது கேள்வி உண்டா என்று கைடு கேட்டார். கேட்கிற வழக்கத்துக்குக் கேட்டார்.

நான் எழுந்தேன். மைக் வேண்டும் என்று கை காட்டினேன். மூன்று பேர் கை மாற்றி மைக் வந்து சேரும்வரை நின்றேன். பிறகு, இந்த ஆய்வின் பிழை எலியிடம் இல்லை, சாமையிடம் இல்லை, இந்தப் பெண்ணிடம் இல்லை, என் கையில் இருக்கிறது என்று தொடங்கினேன். கையை உயர்த்திக் காட்டவும் செய்தேன். பூஜை, எலுமிச்சம்பழம், டப்பா, எல்லாவற்றையும் சொன்னேன். பல வருஷமாக என் பேச்சை யாரும் அவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை. கொழுப்பு எத்தனை சதவீதம் குறைந்திருக்கும் என்று நிபுணர் கேட்டார். தெரியாது என்று நிறுத்தியிருக்கலாம்.

"முறுக்குப் பதம் சார்" என்றேன்.

அறை சிரித்தது. நிபுணர்கள் சிரித்தார்கள், கைடு வேறு வழியில்லாமல் சிரித்தார். இதை எழுதக் கை கூசுகிறது: நானும் சிரித்தேன், நகைச்சுவை எடுபட்டவனின் சிரிப்பு. பக்கத்தில் குனிந்து பார்த்தபோது அவள் மடியிலிருந்த காகிதங்களை ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போய் அப்பாவைப் பழைய மாத்திரைக்கு மாற்றிவிட்டாள் என்று அக்கா மூலம் தெரிந்தது. ஆய்வைத் திரும்பச் செய்யவேண்டும் என்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பச் செய்வதற்குப் புது எலி வேண்டும், புது எலிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அந்தக் குழு கூடுவதற்கு அதன் தலைவர் ஊரில் இருக்க வேண்டும். அனுமதி ஆடியில் வந்தது. ஜூன் அதற்கு முன்னாலேயே போய்விட்டது, ஒட்டன்சத்திரம் வேலை வேறு யாருக்கோ. உதவித்தொகை நின்ற பிறகும் அவள் இரண்டு மாதம் சொந்தச் செலவில் வந்து எலிகளுக்குத் தீவனம் கலந்தாள். ஒரு புள்ளியும் பிசகாமல், என்னைப் பக்கத்தில் விடாமல். பிறகு ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அந்த எலிகள் வயதாகி வேறு ஒருவருடைய ஆய்வில் சேர்ந்துகொண்டன. சாமை கேட்குமா கேட்காதா என்று எங்கள் கல்லூரிக்கு இன்றுவரை தெரியாது. கைடுக்கு மட்டும் தெரியும். சிறுதானிய விழாக்களில் அவரைத்தான் பேசக் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஆய்வகத்து எலிகளே இளைத்துவிட்டன என்று சொல்லி அந்தப் போட்டோவைக் காட்டுகிறார். பொய் என்று சொல்ல முடியாது. இளைத்ததென்னவோ உண்மை.

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதினேன், நடை நன்றாக இருப்பதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்களாம். வேலை போகவில்லை. எலிக்குச் சோறு போட வேறு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு ஸ்டோரில் கிடந்த பழுதான தராசு ஒன்றை எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்து மேசையில் வைத்தோம், நல்ல தராசு வேலைக்கு. சாமிக்கு எந்தத் தராசாக இருந்தால் என்ன என்று அக்கா முழு மனசோடு ஒத்துக்கொண்டார். போன வருஷம் கேட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கூட்டம் நடந்து ஒன்றரை வருஷம் கழித்து அவளைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் எடுக்கிறாளாம். தோளில் தொங்கிய பை நிறைய விடைத்தாள். ஒதுங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன், அவளே வந்து நல்லாருக்கீங்களா சார் என்றாள். அப்பா நன்றாக இருக்கிறார், சாமையும் தின்கிறார் மாத்திரையும் தின்கிறார் என்றாள். நான் ஒன்றரை வருஷமாகச் செதுக்கி வைத்திருந்ததை எடுத்தேன். உண்மையைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை, அதற்கு நீ கொடுத்த விலை எனக்குத் தெரியும் என்கிற மாதிரி, சற்று நீளமாக. அவள் பாதியில் குறுக்கிடாமல், பஸ் வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு, முழுக்கக் கேட்டாள்.

"சொன்னது தப்பில்ல சார். சொல்ல வேண்டியதுதான். எந்திரிச்சு மைக் கேட்டீங்க பாருங்க, அதுதான். நான் பக்கத்துச் சேர்லதான சார் உக்காந்திருந்தேன்."